காற்றை எடையிட்ட பாஸ்கல்

ரூபாய், அணா, பை என்று கணக்கு எழுதிய காலத்தை நம் குடும்பத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பன்னிரண்டு பை ஓர் அணா. பதினாறு அணா ஒரு ரூபாய். ஒரு பத்தியைக் கூட்டி முடிப்பதற்குள் பன்னிரண்டாலும் பதினாறாலும் வகுத்து வகுத்துத் தலை சுற்றிப் போகும். 1957-ஆம் ஆண்டில் தசாம்ச நாணயம் வந்தது. அந்தத் தொல்லை தீர்ந்தது. ஏறக்குறைய இதே தொல்லை பிரான்சு தேசத்திலும் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக முன்னர் இருந்தது. அங்கே பன்னிரண்டு டெனியே ஒரு சோல்; இருபது சோல் ஒரு லீவ்ர். ரூவான் என்னும் நகரில் வரி அதிகாரி ஒருவர் இந்தக் கணக்கோடு நள்ளிரவு கடந்தும் போராடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து உதவி செய்த மகனுக்கு வயது பத்தொன்பது. அவ்விளைஞர்தாம் பிளெய்ஸ் பாஸ்கல். காற்றுக்கும் நீருக்கும் உள்ள அழுத்தத்தைப் பற்றி இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் பாடத்தில் பெரும் பகுதி அவர் தேடித் தந்த செல்வம்.

பாஸ்கல் 1623-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள க்ளெர்மோன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்தார். மூத்தவள் ஜில்பெர்த், இளையவள் ஜாக்குலின் என இரு சகோதரிகள். தந்தையார் எத்தியேன் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1631-இல் குழந்தைகளைப் பாரிசுக்கு அழைத்துச் சென்று, பள்ளிக்கு அனுப்பாமல், தாமே ஆசிரியராக இருந்து கற்பித்தார். அவரே கணிதத்தில் வல்லவர். ஆயினும் மகனுக்கு முதலில் மொழிகளே படியட்டும் என்று கருதிக் கணித நூல்களை யெல்லாம் பூட்டி வைத்தார். பூட்டி வைத்த பண்டத்தின்மேல் பிள்ளைகளுக்கு ஆசை பிறப்பது எங்கும் உள்ளதுதானே! பன்னிரண்டு வயதுப் பையன் தரையிலே கரித்துண்டால் கோடுகளையும் வட்டங்களையும் வரைந்து, அவற்றுக்குத் தானே பெயர் வைத்து, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணங்களுக்குச் சமம் என்ற முடிபுக்கு வந்துகொண்டிருந்தபோது தந்தையார் அறைக்குள் நுழைந்தார் என்று தமக்கை ஜில்பெர்த் தாம் எழுதிய வரலாற்றிலே கூறுகிறார். அன்றே பூட்டுத் திறக்கப்பட்டது.

1638-இல் குடும்பத்துக்கு ஓர் இடையூறு வந்தது. அரசாங்கக் கடன் பத்திரங்களில் பணம் போட்டிருந்தவர்களுக்குச் சேர வேண்டிய வட்டியை அமைச்சர் ரிஷ்லியூ குறைத்தார். எத்தியேனின் சேமிப்பும் அதில் இருந்தது. எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஆகவே சிறைக்கு அஞ்சிப் பாரிசை விட்டு ஓடி ஒளிய நேர்ந்தது. மறு ஆண்டு சிறுமி ஜாக்குலின் ரிஷ்லியூவின் முன் நடந்த நாடகம் ஒன்றில் நடித்து, அவர் மகிழ்ந்திருந்த வேளை பார்த்துத் தந்தைக்காக மன்னிப்பு வேண்டினாள். மன்னிப்போடு உத்தியோகமும் கிடைத்தது. அதுதான் ரூவான் நகரத்து வரி உத்தியோகம்.

தந்தையின் பாரத்தைக் குறைக்க எண்ணிய பாஸ்கல் 1642-இல் ஒரு கணக்கிடும் இயந்திரத்தைச் செய்யத் தொடங்கினார். பெட்டி ஒன்றின்மேல் வரிசையாகச் சக்கரங்கள்; ஒரு சிறு கோலால் சக்கரத்தைத் திருப்பினால் மேலே உள்ள துளையில் எண் தோன்றும். கூட்டல் தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள சங்கடம் உடனே விளங்கும். ஒன்பதோடு ஒன்று சேர்ந்தால் இவ்விடம் சுழியாகி, அடுத்த இடத்தில் ஒன்று ஏற வேண்டும். நாம் அதைக் கையில் வைத்துக் கொள்கிறோம். இயந்திரத்துக்குக் கை ஏது? பாஸ்கல் சக்கரத்தோடு ஒரு சிறு எடையை இணைத்தார். சக்கரம் சுழலச் சுழல எடை மெள்ள மேலேறும். ஒன்பதிலிருந்து சுழிக்கு மாறும் அக்கணத்தில் எடை விழுந்து அடுத்த சக்கரத்தை ஓர் இடம் தள்ளிவிடும். இந்த ஏற்பாடு சரிவர அமைவதற்கு ஏறக்குறைய ஐம்பது மாதிரிகள் செய்து பார்த்தார். இடையில் அவ்வூர்க் கடிகாரத் தொழிலாளி ஒருவர் வெளியே பளபளப்பும் உள்ளே பயனின்மையும் கொண்ட போலி ஒன்றைச் செய்துவிட, மனம் நொந்து வேலையையே கைவிட இருந்தார். 1645-இல் இயந்திரம் வெளிவந்தது. 1649-இல் அரசரின் தனியுரிமைச் சாசனமும் கிடைத்தது. விலை அதிகமாகையால் விற்பனை மிகக் குறைவு. எஞ்சிய சில இன்றும் காட்சிச் சாலைகளில் உள்ளன. கணக்குப் பொறியை நம்பி வேலை செய்யும் எந்தக் குமாஸ்தாவும் அவற்றைப் பார்த்தால் ஒரு வணக்கம் செலுத்தலாம்.

இனி காற்றின் கதைக்கு வருவோம். இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த கொள்கை. பம்பின் தண்டை மேலே இழுத்தால் நீர் ஏன் பின்தொடர்கிறது? வெற்றிடம் உண்டாகாமல் தடுக்கவே நீர் ஓடி வருகிறது என்றார்கள். இத்தாலியில் கிணறு தோண்டுவோருக்கு மட்டும் ஒரு செய்தி தெரிந்திருந்தது. எவ்வளவு சிறந்த பம்பாயினும் சுமார் பத்து மீட்டருக்கு மேல் நீரை உறிஞ்சாது. பத்து மீட்டர் வரை வெற்றிடத்தை வெறுக்கும் இயற்கை அதற்கு மேல் வெறுப்பை விட்டுவிடுமா? கலிலியோவின் கடைசி நாட்களில் அவருக்குத் துணை இருந்த டாரிசெல்லி 1644-இல் இதற்கு விடை சொன்னார். நாமனைவரும் காற்றுக் கடலின் அடித்தரையில் வாழ்கிறோம். அக்கடலின் பாரம் கிணற்று நீரை அழுத்துகிறது. அந்த அழுத்தமே நீரைக் குழாயில் ஏற்றுகிறது. உறிஞ்சுவது என்பது ஒன்றுமில்லை என்பது அவர் கருத்து. நீரினும் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனமுள்ள பாதரசத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பி, வாயை விரலால் மூடி, பாதரசத் தொட்டியில் தலைகீழாக நிறுத்தினார். பாதரசம் சிறிது இறங்கிச் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. மேலே வெற்றிடம். 76-ஐப் பதின்மூன்றரையால் பெருக்கினால் பத்து மீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. பம்புக்காரர்கள் கண்ட அதே கணக்கு. டாரிசெல்லி 1647-இல் தமது 39-ஆம் வயதில் காலமானார். இந்த வயதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

செய்தி ரூவானுக்கு 1646-இல் எட்டியது. தந்தையும் மகனும் அச்சோதனையைத் தாமே செய்து பார்த்தனர். ரூவானில் நல்ல கண்ணாடிச் சாலைகள் இருந்தமையால் பாஸ்கல் நாற்பத்தாறு அடி நீளமுள்ள குழாய்களையே செய்வித்துக் கப்பல் பாய்மரத்தில் கட்டி, பலர் கூடிய சபையில் நிமிர்த்தினார். ஒன்றில் நீர், மற்றொன்றில் திராட்சை மது. குழாயின் உச்சியில் உள்ளது வெற்றிடமன்று, திரவத்திலிருந்து எழும் ஆவியே அது என்று வாதித்தோர் பலர். நீர், மது இவ்விரண்டில் எதில் ஆவி மிகுதி என்று பாஸ்கல் முன்னதாகவே அவர்களைக் கேட்டார். மதுவில்தான் என்றனர். அப்படியானால் மதுவின் உச்சியில் இடம் மிகுதியாகி, மது தாழ்ந்து நிற்க வேண்டும். குழாய்கள் நிமிர்ந்தன. மது நீரைவிடச் சற்று உயரமாகவே நின்றது! மது நீரினும் இலேசானது. ஆகையால் அதே பாரத்தைச் சமன் செய்ய உயரம் கூடுதலாக வேண்டும். சோதனை முடிந்தபின் காரணம் கற்பிப்பது எளிது; முன்னதாகவே எதிராளியைச் சொல்லவைத்ததில்தான் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது.

இவ்வளவும் செய்தவர் நோயாளி என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஓயாத தலைவலி, வயிற்றுவலி, 1647-இல் கால்கள் சோர்ந்து ஊன்றுகோலின்றி நடக்க இயலாத நிலை. வெதுவெதுப்பான பானத்தைத் துளித்துளியாகவே விழுங்க முடிந்தது. வைத்தியத்துக்காகப் பாரிசுக்கு வந்தார். அங்கே அவரைக் காண வந்த பெரியவர் டேக்கார்ட். வெற்றிடம் என்பதே இல்லை என்று உறுதியாக நம்பியவர் அவர். மலைமேல் பாதரசத்தை எடுத்துச் சென்று பார்க்கும் யோசனையைத் தாமே சொன்னதாக அவர் பிற்காலத்தில் உரிமை கொண்டாடினார். யோசனை யாருடையதாயினும், காரியத்தை நடத்தி முடித்தவர் பாஸ்கல். அதுவும் படுக்கையில் இருந்தபடி.

காற்றுக்குப் பாரம் உண்டென்றால் மலையுச்சியில் நம் தலைக்கு மேலுள்ள காற்றுக் குறைவு; எனவே பாதரசம் தாழ வேண்டும். இயற்கை வெற்றிடத்தை வெறுப்பதுதான் காரணமென்றால் அது மலையடியில் ஒருவிதமாகவும் உச்சியில் ஒருவிதமாகவும் வெறுக்க நியாயமில்லை. பாரிசிலோ மலை இல்லை. பிறந்த ஊராகிய க்ளெர்மோனுக்கு அருகில் புயி த டோம் என்ற மலை இருக்கிறது; கடல் மட்டத்திலிருந்து 1,465 மீட்டர் உயரம். ஜில்பெர்த்தின் கணவர் ஃப்ளோரின் பெரியே அவ்வூரில் அதிகாரியாக இருந்தார். 1647 நவம்பர் மாதம் பாஸ்கல் அத்திம்பேருக்குக் கடிதம் எழுதினார். அத்திம்பேருக்கு உத்தியோகச் சுமை. மலையிலோ பனியும் மூடுபனியும். பத்து மாதங்கள் கடந்தன. நோயுற்ற மைத்துனன் பாரிசில் காத்திருந்தான்.

1648 செப்டம்பர் 19-ஆம் நாள் காலை வானம் தெளிந்து மலையுச்சி தென்பட்டது. பெரியே ஊர்ப் பெரியவர்களையும், குருமார்களையும், வைத்தியர் ஒருவரையும் சாட்சியாக அழைத்துக்கொண்டார். மூன்று நாட்களாகச் சுத்தம் செய்யப்பட்ட பதினாறு ராத்தல் பாதரசம். நான்கடி நீளமுள்ள இரண்டு கண்ணாடிக் குழாய்கள். நகரின் மிகத் தாழ்ந்த இடமான மடாலயத் தோட்டத்தில் இரண்டையும் நிறுத்தினர். இரண்டிலும் பிரெஞ்சு அளவில் 26 அங்குலம் 3½ வரி உயரம் நின்றது. பன்னிரண்டு வரி ஓர் அங்குலம். ஒரு குழாயை அங்கேயே விட்டு, நாள் முழுவதும் அதைக் கவனித்திருக்கும்படி மடாலயத்துத் துறவி ஒருவரை அமர்த்தினார். மற்றதை எடுத்துக்கொண்டு மலையேறினார்.

உச்சியில் பாதரசம் 23 அங்குலம் 2 வரிதான் நின்றது. மூன்று அங்குலத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டர் இறங்கிவிட்டது! கண்டவர்கள் வியந்து நின்றனர். பெரியே அவ்வியப்பை நம்பவில்லை. உச்சியில் உள்ள சிற்றாலயத்தினுள்ளும், வெளியே வெட்ட வெளியிலும், காற்று வீசும் பக்கத்திலும், மறைவான பக்கத்திலும், மழைத் தூறலிலுமாக மாற்றி மாற்றி ஐந்து முறை அளந்தார். எல்லாம் ஒரே அளவு. இறங்கும் வழியில் பாதி மலையில் ஒரு முறை அளந்தார். அங்கே 25 அங்குலம். அடிவாரத்துத் தோட்டத்துக்கு வந்தபோது காவல் இருந்த துறவி, காலை முதல் பாதரசம் அசையவே இல்லை என்றார். எடுத்துச் சென்ற குழாயும் அங்கே வைத்தவுடன் பழைய உயரத்துக்கே ஏறிற்று. அடியில் விட்டுவைத்த அந்தக் குழாய்தான் இக்கதையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. அலுவலகத்தில் மூலப் பிரதி வெளியே போகும்போது ஒரு பிரதியைக் கோப்பில் வைத்துக்கொள்கிறோமே, அது போன்ற எச்சரிக்கை. அது இல்லாவிட்டால், அன்றைய வானிலை மாறியதால் பாதரசம் இறங்கியது என்று சொல்லிவிடுவதற்கு ஆட்கள் இருந்தனர்.

செய்தி கிடைத்ததும் பாஸ்கல் பாரிசில் சேன் ஜாக் ஆலயக் கோபுரத்தின் அடியிலும் உச்சியிலும் தாமே அளந்தார். சுமார் ஐம்பது மீட்டர் ஏறியதற்கே இரண்டு வரிக்கு மேல் வித்தியாசம் தெரிந்தது. அவ்வாண்டே விவரங்களை அச்சிட்டார். பாதி ஊதிக் கட்டிய தோற்பை மலையேறும்போது தானே உப்புவதையும், இறங்கும்போது மீண்டும் சுருங்குவதையும் தம் நூலில் விவரிக்கிறார். வெளிக்காற்றின் நெருக்குதல் குறையக் குறைய உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. விடுமுறையில் சிம்லா சென்றுவந்த நம் காலனிப் பிள்ளைகள், கீழே வாங்கிய வறுவல் பொட்டலம் மேலே பலூன் போல உப்பியதைக் கண்டிருப்பார்கள். அதுவும் இதுவே.

நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்மீதும் சுமார் ஒரு கிலோ பாரம் அழுத்துகிறது. உள்ளிருந்தும் அதே அளவு எதிர் அழுத்தம் இருப்பதால் நாம் நசுங்குவதில்லை. இந்தப் பாரத்தைக் கொண்டுதான் சென்ற நூற்றாண்டில் நெடுங்காலம் நம் நாட்டு ரயில்களை நிறுத்தினார்கள். வாக்குவம் பிரேக் என்று பெயர். எஞ்சினில் உள்ள கருவி, வண்டி நெடுகச் செல்லும் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றி வைத்திருக்கும். டிரைவரோ கார்டோ குழாய்க்குள் காற்றை விட்டால், அக்காற்று உருளையில் உள்ள தண்டை மேலே தள்ளும், பிரேக் பிடிக்கும். வெற்றிடம் இழுக்கவில்லை, வானத்துக் காற்றே தள்ளியது. கார்டு பெட்டியிலிருந்த முட்காட்டி பல காலம் அங்குலத்தில் அளவு காட்டியது. எதன் அங்குலம்? பாதரசத்தின் அங்குலம்! புயி த டோம் மலையில் பெரியே எண்ணிய அதே வகை அங்குலந்தான் நம் கார்டுகளின் பெட்டிவரை வந்து சேர்ந்தது. இப்போது அழுத்தி அடைத்த காற்றால் இயங்கும் பிரேக் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

காற்றோடு நிற்காமல் நீரையும் ஆராய்ந்தார். பாத்திரம் அகன்றதாயினும், குறுகியதாயினும், சாய்ந்ததாயினும், அடியில் உள்ள அழுத்தம் நீரின் உயரத்தைப் பொறுத்ததேயன்றி நீரின் மொத்த அளவைப் பொறுத்ததன்று என்று காட்டினார். நீர் நிரம்பிய பீப்பாயில் நீண்ட மெல்லிய குழாயைச் செருகி, சிறிதளவு நீரை ஊற்றிப் பீப்பாயையே வெடிக்கச் செய்தார் என்று ஒரு கதை பாடநூல்களில் வழங்குகிறது. அவருடைய நூல்களில் அது காணப்படவில்லை. தத்துவம் மட்டும் சரியே. மாடியில் தண்ணீர்த் தொட்டியை உயரத்தில் வைப்பதன் காரணமும் அதுதான்.

மற்றொரு முடிபு இன்னும் பயன் மிக்கது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும். பாத்திரத்துக்கு இரண்டு வாய்கள். ஒன்று மற்றதைவிட நூறு மடங்கு பெரிது. இரண்டிலும் பொருத்தமான தண்டுகள். சிறிய தண்டை ஒருவர் அழுத்தினால், பெரிய தண்டில் நூறு பேர் அழுத்துவதைத் தாங்கி நிற்கலாம். இதில் மாயம் ஒன்றுமில்லை. பெரியது ஓர் அங்குலம் உயர வேண்டுமானால் சிறியது நூறு அங்குலம் இறங்க வேண்டும் என்று கணக்கையும் அவரே கூறிவிட்டார். இங்கிலாந்தில் பிராமா என்பவர் 1795-இல் இதைக் கொண்டு அழுத்து இயந்திரம் செய்து உரிமை பெற்றார். தடம் புரண்ட பெட்டியைத் தூக்கி வைக்கும் ஜாக்கியும், பட்டறையில் அச்சின்மேல் சக்கரத்தை ஏற்றும் இயந்திரமும் அதன் வழித்தோன்றல்களே.

1651-இல் தந்தையார் மறைந்தார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவர் உறைபனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, எலும்பு கட்ட வந்த சகோதரர் இருவர் கடுமையான ஆசாரமுள்ள ஒரு சமயப் பிரிவைக் குடும்பத்துக்கு அறிமுகம் செய்திருந்தனர். ஜாக்குலின் போர்ட் ராயல் கன்னிமாடத்தில் சேர விரும்பினாள். தந்தை உயிருடன் இருந்தவரை விடவில்லை. அவர் மறைந்தபின், தனிமைக்கு அஞ்சிய தமையன் தன்னோடு இருக்குமாறு மன்றாடினார். 1652 ஜனவரியில் ஒரு காலை, விடைபெறாமலே அவள் வீட்டை விட்டுப் போனாள். மடத்துக்கு அவள் கொண்டுசெல்ல வேண்டிய பங்குச் சொத்தைக் கொடுக்கப் பாஸ்கல் முதலில் மறுத்தார், பிறகு கொடுத்தார். பெரியோர் வரலாற்றில் இதை எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நம் வீடுகளிலும் நடப்பதுதான்; எழுதலாம்.

1654-இல், சூதாட்டம் பாதியில் நின்றால் பணயத்தைப் பங்கிடுவது எப்படி என்ற கேள்வியைக் குறித்து அவரும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து நிகழ்தகவுக் கணிதம் பிறந்தது. அவ்வாண்டு நவம்பர் 23 இரவு பத்தரை மணி முதல் பன்னிரண்டரை வரை ஏதோ ஒரு தெய்விக அனுபவம் அவருக்கு வாய்த்தது. அதை எழுதி அங்கியின் உட்புறத்தில் வைத்துத் தைத்துக்கொண்டார். அங்கி மாற்றும்போதெல்லாம் பிரித்துத் தைத்தார், ஒருவரிடமும் சொல்லவில்லை. அதன்பின் சமயமே அவருக்கு வாழ்வாயிற்று. தம் பிரிவினருக்காக அவர் பெயர் மறைத்து எழுதிய பதினெட்டுக் கடிதங்கள் பிரெஞ்சு உரைநடைக்கே இலக்கணமாகப் போற்றப்படுகின்றன.

கடைசி ஆண்டில் அவர் செய்த காரியம் போக்குவரத்துத் துறையினருக்கு உரியது. 1662 மார்ச்சு 18-இல் பாரிசு நகரில் அவர் யோசனைப்படி குதிரை வண்டிகள் ஓடத் தொடங்கின. குறித்த பாதை, குறித்த நேரம், ஐந்து சோல் கட்டணம். ஆள் இல்லாவிட்டாலும் வண்டி புறப்பட்டாக வேண்டும். நகரப் பேருந்தின் முன்னோடி இதுவே. சிப்பாய்களும் வேலையாட்களும் கூலிகளும் ஏறக்கூடாதென்று நீதிமன்றம் தடை விதித்தது வருந்தத்தக்கது. பாஸ்கலோ வரப்போகும் வருமானத்தை முன்பணமாகப் பெற்று, பஞ்சத்தில் வாடிய ப்ளுவா நகரத்து ஏழைகளுக்கு அனுப்ப விரும்பினார். கூட்டாளிகள் இணங்கவில்லை.

அவ்வாண்டுக் கோடையில், அவர் தம் வீட்டில் இடங்கொடுத்திருந்த ஏழைக் குடும்பத்தின் குழந்தைக்கு அம்மை கண்டது. அவரைப் பார்த்துக்கொள்ள வரும் ஜில்பெர்த்தின் குழந்தைகளுக்குத் தொற்றுமே என்ற அச்சம். நோயுற்ற குழந்தையை அப்புறப்படுத்த அவர் மனம் இடந்தரவில்லை. தாமே வீட்டை விட்டுத் தமக்கை வீட்டுக்குப் பெயர்ந்தார். ஜாக்குலின் முந்தைய ஆண்டே மடத்தில் காலமாகியிருந்தாள். ஆகஸ்டு 19 பின்னிரவு ஒரு மணிக்குப் பாஸ்கல் உயிர் நீத்தார். டாரிசெல்லியைப் போலவே வயது 39.

சில நாட்களுக்குப் பின் வேலைக்காரன் ஒருவன் அங்கியின் உட்புறத்தில் ஏதோ தடித்திருப்பதைத் தடவிப் பார்த்துத் தையலைப் பிரித்தான். எட்டு ஆண்டுகள் மறைந்திருந்த அந்த ஏடு அப்போதுதான் வெளிவந்தது. நீரையும் காற்றையும் பற்றிய இரு நூல்களை அத்திம்பேர் பெரியே 1663-இல் பதிப்பித்தார். சமயச் சிந்தனைகள் 1670-இல் நூலாயின. 1971-இல் உலக நாடுகள் அழுத்தத்தின் அலகுக்குப் பாஸ்கல் என்று பெயர் சூட்டின. புயல் செய்திகளில் வரும் ஹெக்டோபாஸ்கல் அவற்றில் நூறு கொண்டது. பாரிசின் சேன் ஜாக் ஆலயம் பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் இடிக்கப்பட்டது. கோபுரம் மட்டும் நிற்கிறது. அதன் அடியில் அவர் சிலை இருக்கிறது.